‘எடுத்துட்டேன்’ என்று நான் சொன்ன கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. வெளிநாட்டில் படிக்கும் மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு அக்காவும் மச்சானும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் ஜிப் மூடவில்லை. “டேய், நீ வந்து கொஞ்சம் உக்காரு” என்று அக்கா போன் செய்தாள். என் எழுத்தில் இல்லாத கனம் உடம்பில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘ஜன்னல் வெயில் லென்ஸில் பட்டுச் சிதற, அவன் தன் வாழ்வின்...’

வேண்டாம். லென்ஸ் உறைக்குள் இருந்தது, உறை கட்டிலுக்கு அடியில் இருந்தது. தவிர, மச்சானை ‘அவன்’ என்று எழுதினால் அக்கா வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

‘ஒரு கலைஞன் எதைச் சுமக்கிறான் என்பதைவிட, எதை விட்டுச்செல்கிறான் என்பதே...’

எனக்கே கொட்டாவி வருகிறது.

சரி, நேராகவே சொல்கிறேன். மச்சான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். விமானத்தில் கைப்பை ஏழு கிலோவைத் தாண்டக் கூடாது. கேமரா, இரண்டு சின்ன லென்ஸ், பிளாஷ், சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஐந்தரை. மீதி இடத்தில் ஒன்றுதான் போகும்: தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் பெரிய லென்ஸ், இல்லையென்றால் மூன்று கால் ஸ்டாண்டு.

(‘இன்னொன்றைப் பெரிய பெட்டியில் வைக்கலாமே’ என்கிறீர்களா? நான் எதன் மேல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தீர்கள்?)

3

மகள் போனில் சொன்னது இதுதான்: “அப்பா, பொறந்ததுலேருந்து என் எல்லா போட்டோவும் இருக்கு. ஒண்ணுலகூட நீங்க இல்ல. இந்த ஒரு தடவை பக்கத்துல வந்து நில்லுங்க, ப்ளீஸ்.”

அதற்கு ஸ்டாண்டு வேண்டும் என்றாள் அக்கா. கேமராவை அடுத்தவர் கையில் கொடுத்தால் தலையை வெட்டிவிடுவார்கள் என்பது மச்சானின் தொழில் நம்பிக்கை. (படத்தில்தான்.) ஆனாலும் பெரிய லென்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

இந்த இடத்தில் அவரை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதைக் கிழிக்க வைத்தது அவரேதான். அக்கா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் குனிந்தார்.

“மாப்ள, மேடையில அவ பேரைக் கூப்பிடும்போது சும்மா நின்னேன்னா அழுதுடுவேன்டா. அந்த லென்ஸைப் புடிச்சா மூஞ்சி மறைஞ்சிடும்.”

“செல்போனை வெச்சு மறைச்சுக்கலாமே, மச்சான்?”

“ஒன் மூஞ்சி மறையும். என் கன்னத்தைப் பாத்தியா?”

வில்லன் போய்விட்டார். இனி நான் யார் பக்கம்?

4

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அறையில் பையோடு நான் மட்டும். ஒரு கையில் ஸ்டாண்டு, ஒரு கையில் லென்ஸ்.

உள்கதவில் அக்கா தலையை நீட்டிக் கிசுகிசுத்தாள். “பெரிய லென்ஸை எடுத்துடுடா.”

அதே நொடி, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே மச்சான் கத்தினார். “மாப்ள, பெரிய லென்ஸை எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்” என்றேன்.

அக்கா சிரித்தாள். மச்சானும் சிரித்தார். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேர் மகிழ்ந்தது என் எழுத்து வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

(பைக்குள் வைப்பதும் எடுப்பதுதான், பையிலிருந்து நீக்குவதும் எடுப்பதுதான். படம்கூட எடுப்பதுதான். நம் மொழி பேசும் குடும்பங்கள் உடையாமல் இருப்பதில் இந்த வினைச்சொல்லுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.)

5

முடிவு அ: பைக்குள் லென்ஸ். மகள் பட்டம் வாங்கும்போது அவளுடைய தெற்றுப்பல்வரை படத்தில் விழுகிறது. மேடையிலிருந்து அவள் கூட்டத்தில் அப்பாவைத் தேடுகிறாள். கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது.

முடிவு ஆ: பைக்குள் ஸ்டாண்டு. டைமரை அழுத்திவிட்டு மச்சான் ஓடி வருகிறார். பத்து விநாடி. மறைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அக்காவும் மகளும் சிரிக்க, நடுவில் மூக்கு சிவந்த ஓர் ஆள்.

முடிவு இ: பை தொலைந்துபோகிற... சே. இது சோம்பேறி முடிவு.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகளின் போன். விமானம் தாமதமாம். இறங்கி நேராக விழா மண்டபத்துக்கே வந்துவிட்டார்களாம்.

“மாமா, அப்பா இப்பத்தான் பையைத் தொறக்கப் போறார். அம்மா ஏன் இப்படிச் சிரிக்கிறாங்க? அப்பாவும் சிரிக்கிறார்!”

“சிக்னல் சரியில்லம்மா” என்று வைத்துவிட்டேன்.

என்ன வைத்தேன் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதினால் இரண்டு பேரில் ஒருவர் தோற்றுப்போவார். அந்த வேலை என்னால் ஆகாது. ஜிப் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. நீங்களே ஒன்றை உள்ளே வையுங்கள். எதை வைத்தாலும், மேலாக ஒரு கைக்குட்டையையும் போட்டுவிடுங்கள். அதற்கெல்லாம் எடை பார்க்கமாட்டார்கள்.