பெயிண்ட் தின்ற இறக்கை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஃபேன் சத்தத்தில் என் குரல் எடுபடாது. ஒருத்தி தன் கையால் செய்த விமானத்தின் இறக்கையில் ஓட்டை விழுந்த கதை சொல்கிறேன். சிரிப்பும் வரும், கோபமும் வரும்; ரெண்டையும் அடக்க வேண்டாம்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மயிலாப்பூர். நீரஜா ஒரு கட்டட கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். அவள் போட்ட படத்துக்குக் கீழே கையெழுத்து இன்ஜினியருடையது. வாசல் பலகை, ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் எல்லாவற்றிலும் கணவன் சாய்நாத் பெயர். அது அவளுக்கு முள்ளாகக் குத்தும், வாய் திறந்ததில்லை.

சாய்நாத்துக்கு ரேடியோவால் ஓட்டும் குட்டி விமானங்கள் என்றால் உயிர். எல்லாம் கடையில் வாங்கியவை. சிங்கப்பூரிலிருந்து வந்த ரிமோட் செட்டைப் பீரோவில் பூட்டி வைப்பான். துணி மடிக்கும்போது அவள் கை பட்டால்கூட, "அதென்ன கரண்டியா? வை!" என்பான்.

அந்த வருஷம் புது ஃபிரிட்ஜ் வந்தது. அதைச் சுற்றியிருந்த தெர்மாகோலை நீரஜா எடுத்து வைத்துக்கொண்டாள். பழைய அயர்ன் பாக்ஸ் கம்பியைச் சூடேற்றி, வாழைத்தண்டு நறுக்குவது போல நறுக்கினாள். உள்ளே மூங்கில் பட்டை கொடுத்து ஒட்டினாள். இரண்டு மாசத்தில் இன்ஜின் இல்லாத கிளைடர் ஒன்று கூடத்தில் படுத்துக் கிடந்தது.

"குப்பை பொறுக்கிண்டு வந்து ஏரோப்ளேனாம்! ஞாயித்துக்கிழமை பீச்சுக்குக் கொண்டு வா, எங்க விமானச் சங்கத்து ஆளெல்லாம் சிரிக்கட்டும். ஆனா செட்டு என் கைலதான். நீ எறி, நான் ஓட்டறேன்" என்றான் சாய்நாத்.

"பண்ணினது நான். ஓட்டறதும் நான்தான்."

"பாக்கலாம்டி."

ஸ்ப்ரே பெயிண்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும். அதனால் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, காய்ந்த பிறகு போஸ்டர் கலர் அடித்தாள்: உடம்புக்கு மாம்பழ மஞ்சள், வாலுக்குப் புடவைக் கரை மாதிரி அரக்கு. வலது இறக்கை முடிந்ததும் பசை தீர்ந்துபோனது. இடது இறக்கையில்தான் தன் பெயரை எழுத அவள் இடம் பார்த்து வைத்திருந்தாள். அதை வெறுமனே விட்டுவிட்டுச் சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தால் கூடமெல்லாம் பெயிண்ட் நாற்றம். சாய்நாத் ஸ்கூட்டருக்கு அடிக்கும் சிவப்பு ஸ்ப்ரே டப்பாவோடு நிற்கிறான். அட்டையில் எழுத்து வெட்டி வைத்து, இடது இறக்கையில் தன் பெயரை அடித்திருக்கிறான். சாயம் உள்ளே இறங்க இறங்க, பிடிக்கவில்லை என்று நினைத்து மேலும் மேலும் அடித்திருக்கிறான். 'சாய்நாத்' என்ற நாலு எழுத்தும் இறக்கையை அந்தப் பக்கம்வரை துளைத்துவிட்டன.

"யார் செட்டுல பறக்கப்போறது? என் பேர் இருக்க வேண்டாமா?" என்றான். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

நீரஜா அழவில்லை. மிச்ச இடத்துக்குப் பசையும் மஞ்சளும் பூசினாள். காய்ந்ததும், கண்ணாடி போன்ற செல்லோ டேப்பை ஓட்டைகளின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டினாள். காற்று நுழையாது. ஆனால் எழுத்து தெரியும்.

"ஏதாவது பேப்பரை ஒட்டி மறைச்சுடேன்டி."

"எதுக்கு மறைக்கணும்? உங்க பேராச்சே."

மறுநாள் பெசன்ட் நகர் கடற்கரை, பத்து மணி வெயில். செட் சொல்வதைக் கேட்டு வாலைத் திருப்பும் சின்னப் பெட்டியைக் கிளைடருக்குள் வைத்தாயிற்று. நீரஜா கிளைடரைத் தலைக்கு மேல் தூக்கினாள். மணலில் இறக்கையின் நிழல் விழுந்தது. நிழலுக்குள் வெயிலால் எழுதியது போல அவன் பெயர். விமானச் சங்கத்துப் பெரியவர் ராகவேந்திரன் குனிந்து பார்த்தார்.

"வெறும் தெர்மாகோல்ல ஸ்ப்ரே அடிச்ச புத்திசாலி யாரு?"

"அதான் கையெழுத்துப் போட்டிருக்காரே மாமா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாய்நாத்தின் காது சிவந்தது. செட்டை அவள் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினான். "இந்தா, நீயே ஓட்டு. விழுந்தா உன் தலையெழுத்து."

கிளைடரை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் செட்டின் ஏரியலை இழுத்து நீட்டினாள். "விழுந்தா உங்க பேர்தான் விழும். பார்த்து எறியுங்கோ."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி, காற்றுக்கு எதிராக ஓடி எறிந்தான். வெயிலில் எழுதிய பெயர் அவன் பாதத்தைத் தாண்டியது, ஈர மணலைத் தாண்டியது, மங்கிக்கொண்டே போய் அலையில் ஏறியது. நீரஜா கட்டைவிரலை லேசாக அசைத்தாள். மஞ்சள் இறக்கை விழாமல், அவள் விரல் சொன்னபடியே கடல் பக்கம் சாய்ந்து பறந்தது.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் கை எதை ஒட்டினாலும் பசை நன்றாகப் பிடிக்கட்டும், அன்றைக்கென்று நல்ல காற்றும் அடிக்கட்டும்.