இளைப்பு வர வேண்டிக்கொண்டவர்

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்களுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வருவார்கள். மாஸ்டர் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியை மென்றபடி, மூச்சு திணறட்டும், நெஞ்சு விசிலடிக்கட்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. பதினான்கு வருடமாக அவரும் மனைவியும் சேர்ந்து பேக்கரி நடத்துகிறார்கள். மாவு பிசையும் பெரிய மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். அவர் பிசைந்து தள்ளுவார். அவள் உருட்டித் தட்டில் அடுக்குவாள். அவர்கள் சண்டை போட்டதும் அந்த மேஜையில்தான், சமாதானம் ஆனதும் அங்கேதான். போன வருடம் அவருக்கு இளைப்பு பிடித்துக்கொண்டது. முதலில் தும்மல், அப்புறம் இருமல், கடைசியில் மைதா மூட்டையைப் பிரித்தாலே நெஞ்சுக்குள் பூனை குடியேறியது மாதிரி ஒரு சத்தம். ரத்தப் பரிசோதனையில் கோதுமை ஆகாது என்று வந்தது.

"கோதுமைன்னு தெரிஞ்சிபோச்சு. ஆனா நீங்க அத சாப்பிடவும் செய்யறீங்க, நாள் முழுக்க மூச்சுல இழுக்கவும் செய்யறீங்க. ரெண்டுல எது வேலைய காட்டுதுன்னு பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. நாற்பது நாள் இரண்டும் கூடாது. ரொட்டி, பன், பிஸ்கட், நூடுல்ஸ் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பேக்கரி இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

பேக்கரிக்கு மேலேதான் வீடு. படிக்கட்டு வழியாக மாவுத் தூசி ஏறி வரும் என்பதால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஓர் அறை பிடித்து அவர் மட்டும் அங்கே போய் இருந்தார். மனைவி வேலையை முடித்து, தலைக்குக் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் தெருவைத் தாண்டி வருவாள். சோற்றை வைத்துவிட்டு நாலு வார்த்தை பேசுவதற்குள் அவளுக்குக் கண் சொக்கிவிடும். சோப்பு வாசனையோடு யாரோ விருந்தாளி வந்துவிட்டுப் போவது போலிருந்தது அவருக்கு. பகலெல்லாம் ஜன்னலில் நிற்பார். எதிரே அடுப்பறைக் கண்ணாடிக்குள் அவள் தலை குனிவதும் நிமிர்வதும் தெரியும். மேஜையின் இந்தப் பக்கத்தில் சம்பளத்துக்கு வந்த ஓர் ஆள் நின்றார். அந்த ஆள் நன்றாகவே வேலை செய்தார் என்பதுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

நாற்பது நாளில் இளைப்பு இருந்த இடம் தெரியவில்லை. எல்லாம் ரொட்டி தின்றதால் வந்த வினை என்று மாஸ்டர் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிட்டார். வாயைக் கட்டுவது அவருக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆயுசுக்கும் ரொட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு, நாளைக் காலையே மேஜைக்குத் திரும்பிவிடலாம். அதற்கு ஒன்று மட்டும் நடக்க வேண்டியிருந்தது. ரொட்டி தின்று, இன்றைக்கு, டாக்டரம்மா கண் முன்னால் அவருக்கு இளைக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குப் பொட்டளவு துண்டில் ஆரம்பித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, கால் மணிக்கு ஒரு தடவை ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னாள் நர்ஸ். மூச்சு குறைந்தால் அதில் முள் இறங்குமாம். முள் இறங்குகிற வழியாக இல்லை.

பக்கத்துக் கட்டிலில் முட்டை கொடுத்துப் பார்ப்பதற்காக ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா மாஸ்டரின் முகவாட்டத்தைப் பார்த்து, "கவலப்படாதீங்கண்ணே. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

"நல்ல வாயால அப்படிச் சொல்லாதம்மா" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் குறுக்குப் புத்தி வந்தது. குழாயை வாங்கி, உதட்டைக் குவித்து, சுடுகாப்பியை ஆற்றுகிற மாதிரி மெல்ல ஊதினார். முள் சடாரென்று கீழே நின்றது. நர்ஸ் பதறவில்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மேலும் கீழும் கேட்டாள்.

"நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குண்ணே. இந்தப் பாப்பாகூட உங்கள விட நல்லா ஊதும். ஒழுங்கா ஊதுங்க."

ஒழுங்காக ஊதினார். முள் உச்சியில் போய் நின்றது. தன் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டவனைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார். "நல்ல சேதி. நீங்க தாராளமா ரொட்டி சாப்பிடலாம். மாவுத் தூசி உள்ள போறதுதான் உங்களுக்கு ஆகல. அடுப்பறைக்குள்ள மட்டும் போயிடாதீங்க."

"மாஸ்க் போட்டுகிட்டு?"

"உங்க நெஞ்சு இருக்கற நெலமையில அத நான் நம்ப மாட்டேன்."

"இத மாத்திக் குடுக்க முடியாதா டாக்டர்? நான் சாப்பிடாம இருந்துக்கறேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முடிஞ்சா குடுத்திருப்பேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். தன் அறை வாசலில் நின்று சாவியைத் துழாவும்போது எதிரே பேக்கரிக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்தாள். முழங்கை வரை மாவு, முன்தலையில் மாவு. படியில் நின்றபடியே, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டதாலதானாம். வாயில வைக்காம இருந்தா போதுமாம்."

"நெஜமாவா?"

"நெஜமாதான்."

அவள் தெருவின் இருபுறமும் பார்க்கக்கூட இல்லை, இறங்கி வந்தாள். பதினைந்து எட்டு தூரம் இருக்கும். கையை உயர்த்தி நிறுத்த அவருக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. அவர் நிறுத்தவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனார். அவளும் வந்தாள், மாவுக் கையைத் துடைக்காமல் அவரைக் கட்டிக்கொண்டு நெஞ்சில் தலையைச் சாய்த்தாள்.

"நாப்பது நாளுங்க" என்றாள்.

ஈஸ்டும் சூடும் வியர்வையுமாக அவள் கழுத்தில் அந்தப் பழைய வாசனை இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார். மேஜையும் வேண்டாம் அடுப்பும் வேண்டாம், இத்தனை நாளாகத் தான் ஏங்கியது இதற்குத்தான் என்று அவருக்கு அப்போது பட்டது. அந்த ஆள் பிசைந்தால் பிசைந்துவிட்டுப் போகட்டும்.

அவள் காது அவர் நெஞ்சில் இருந்ததால் விசில் சத்தம் முதலில் அவளுக்குத்தான் கேட்டது. அசையாமல் ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகு விலகி, அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு தடவை அழுத்தி இழுத்தார்.

"தெரிஞ்சிதான் என்னைய வர விட்டீங்களா?"

"ஆமா."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டுவதில் அவள் சளைத்தவள் இல்லை. அவள் அழுதாள். கண்ணைத் துடைத்த கையிலிருந்த மாவு கன்னமெல்லாம் ஈரமாய் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட இரண்டு எட்டு வைத்தால் போதும். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அங்கயே இருங்க" என்றாள்.

அவர் அங்கேயே இருந்தார்.