பல் டாக்டருக்குப் பிடித்த சட்டம்

இணையத்தில் இனி யாரும் பெயர் போடாமல் எழுதக் கூடாது என்று சட்டம் வரப்போகிறதாம். செய்தியைக் கேட்டதும் எங்கள் பல் டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

காரணம் இருந்தது. ஊர்க்காரர்கள் அரட்டை அடிக்கும் இணையப் பக்கத்தில் அவரைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள்: "கை பஞ்சு மாதிரி. பல்லைப் பிடுங்கினதே தெரியல. ஆனா அவர் வாய் நாத்தம்தான் தாங்க முடியல." கீழே நாற்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை.

"முதுகெலும்பில்லாத பசங்க! பேரைப் போட்டு எழுதட்டும் பார்க்கலாம்," என்று குதித்தார்.

நான் அவருடைய உதவியாளர். இடுக்கிகளைக் கழுவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் ராத்திரியும் பல் தேய்க்கச் சொல்கிற மனுஷன், தனக்கென்று வந்தால் மட்டும் சோம்பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"இத்தனை வருஷமா பக்கத்துலயே நிக்கிறியேம்மா. நீ தைரியசாலி, மூஞ்சிக்கு நேரா சொல்லு. எனக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

மூச்சை அடக்கிக்கொண்டு, "சேச்சே, இல்லவே இல்ல டாக்டர்," என்றேன்.