மூன்றாவது ஓலை

தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜெப்ரிக்கு ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. கிறிஸ்துமஸ் லீவு கேட்டவனுக்கு, "இயேசுவா வந்து ஆர்டர முடிச்சுத் தருவாரு?" என்றுதான் பதில் கிடைக்கும். இந்த மனுஷனைப் போய் ஷைனி காதலித்தாள். அவள் தலையெழுத்து, வேறென்ன!

ஜனவரியில் கல்யாணம். அதற்குமுன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, "யாருக்காவது தடை உண்டா?" என்று சபைப் போதகரான ஐயர் கேட்பார். இரண்டு ஓலை முடிந்தது. இரண்டுக்கும் மாப்பிள்ளையைக் காணோம். சனிக்கிழமை ஷைனி பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"நாளைக்கு மூணாவது ஓலை. நீ வரலன்னா நானே எந்திச்சு தடை சொல்லுவேன், பாத்துக்கோ."

"சும்மா மிரட்டாத புள்ள" என்றான்.

மறுநாள் காலை பட்டறையில் தோல் கட்டின்மேல் சாய்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். கனவிலும் ஐயர் ஓலைதான் வாசித்தார். முதல் ஓலையில் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் கேரல் பவனி. டிரம் அடித்து ஷைனியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் சாட்சாத் ஜெப்ரியேதான். இரண்டாவதில் ஷைனி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்துப் பெண் "மாப்ள எங்கட்டி?" என்று கேட்க, தலையைக் குனிந்துகொள்கிறாள். மூன்றாவது ஓலையில் பெண் பெயர் ஷைனி, மாப்பிள்ளை பெயர் டென்சில். பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பானே, அந்த டென்சில்!

அலறிக்கொண்டு எழுந்தான். "ரவூப் பாய்! இன்னைக்கு என்ன கெழம?"

கட்டிங் மாஸ்டர் அப்துல் ரவூப் கத்தரியும் கையுமாகத் திகைத்தார். "ஞாயித்துக்கெழம, சேட். மணி ஒம்போதே முக்கால்."

"இன்னும் நேரம் இருக்கு! மெஷின நிப்பாட்டுங்க! நியூ இயர் வரைக்கும் எல்லாருக்கும் சுட்டி! சம்பளத்தோட லீவு!"

ஓடினான். சந்தில் தண்ணீர் டிரம்களைத் தாண்டி, ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து, காய்கறி வண்டிக்காரனிடம் இந்தியில் நாலு திட்டு வாங்கிக்கொண்டு ஓடினான். இவ்வளவு சந்தோஷமாக அவன் ஓடியே வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"யாருக்காவது தடை உண்டா?" என்று ஐயர் கேட்டு முடிக்கவும், ஷைனி எழுந்து நிற்கவும், ஜெப்ரி உள்ளே பாயவும் சரியாக இருந்தது.

"இருக்குய்யா!" என்று மூச்சிரைக்கக் கத்தினான்.

சபையே பதறிப்போயிற்று. தன் ஓலைக்குத் தானே தடை சொன்ன மாப்பிள்ளையை அந்தக் கோயில் கண்டதில்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடை தம்பி?"

"நாந்தான்யா தடை. இத்தன நாளும் நாந்தான். எல்லாத் தப்பும் என்மேலதான். அவ இல்லாம என்னால முடியாது." அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதான்.

ஐயர் மெல்ல ஷைனி பக்கம் திரும்பினார். "நீயும் எந்திச்சியேம்மா. ஒனக்கு என்ன தடை?"

ஷைனி அவனையே பார்த்தாள்.

"தடை ஒண்ணுமில்லய்யா" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "இவரு உக்கார எடம் விடத்தான் எந்திச்சேன்."