தோடு இல்லாத ஊர்

1954-ஆம் வருஷம் ஆடி மாசம் இரண்டாவது செவ்வாய்க்கிழமையிலிருந்து எலந்தைக்கண்டிகையில் பால் உறையவில்லை. நாராயணவனத்துக்குக் கிழக்கே நான்கு மைலில், அறுபது வீடும் நூற்றுச் சொச்சம் மாடும் உள்ள ஊர் அது. மாடுகள் மேல் குறை சொல்ல முடியாது. வழக்கம்போல் கறந்தன. பால் பொங்கியது, ஆடைகூடக் கட்டியது. சாயங்காலம் உறை ஊற்றி மூடி வைத்தால் காலையிலும் பாலாகவே இருந்தது, அவ்வளவுதான். புத்தூரிலிருந்து கெட்டித் தயிராகப் பார்த்து வாங்கி வந்து கலந்து பார்த்தார்கள். பால் தயிராகவில்லை, தயிர்தான் பாலாயிற்று. மோர் இல்லாமல் கேழ்வரகுக் கூழைக் குடிக்க ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது.

அதற்கு முந்தின கஷ்டம் வேறு. குடியானவர் வீடுகள் சிலவற்றில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்தால் நிற்காது. நிலம் வெளியே போகக்கூடாது என்று அக்காள் மகளையும் மாமன் மகளையுமே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. கண் பட்டுவிட்டது என்று சொல்லித் தேற்றிக்கொள்வார்கள். ஆந்திரா தனி மாநிலமான மறு வருஷம், திருப்பதி ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து டாக்டர் ரங்கையா இதைக் கேள்விப்பட்டு வந்து இருபது பேரிடம் ரத்தம் எடுத்தார். உறைந்த ரத்தத்தை ஒரு மருந்துத் தண்ணீரில் போட்டு வைப்பார். நல்ல ரத்தம் கட்டியாகவே கிடக்கும். கட்டியை இறுக்கிப் பிடிக்கிற ஒரு என்சைம் குறைந்த ரத்தம் மறுநாள் கரைந்து போயிருக்கும். அந்த வியாதிக்கு அப்போது அவரிடம் பேர்கூட இல்லை.

கண்ணாடிக் குழாய்களைக் கவனித்துக்கொண்டவன் கோவர்த்தனன். அதே ஊர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். காலையில் அவன்தான் முதலில் பார்த்தான். கரைந்திருந்தது அவன் தங்கை ஜெயம்மாவின் ரத்தம். அவளுக்கும் தாய்மாமன் ஆதிநாராயணனுக்கும் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கோவர்த்தனன் தங்கை பேர் எழுதிய சீட்டை உரித்து சென்னம்மாவின் குழாயில் ஒட்டினான், அவளுடையதை இதில் ஒட்டினான். சென்னம்மா, கூலி வேலை செய்யும் கங்கையாவின் மகள். அந்தப் பேரைச் சொன்னால் ஊரில் ஒருத்தரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். யோசிக்கக்கூட இல்லை, கை தானாகப் போயிற்று. பிற்காலத்தில் அவனை அதிகமாக அரித்தது அதுதான்.

டாக்டருக்குத் தமிழ் வராது. ஊரைக் கூட்டி, எல்லாருக்கும் புரியட்டும் என்று சென்னம்மாவைக் காட்டி, "ஈ அம்மாயி ரக்தம்லோ தோடு லேது" என்றார், இந்தப் பெண்ணின் ரத்தத்தில் தோடு இல்லை என்று. தெலுங்கில் தோடு என்றால் பாலுக்கு ஊற்றும் உறை, துணை என்றும் ஒரு அர்த்தம் உண்டு. தமிழ்ப் பெண்கள் சிலர் சென்னம்மாவின் காதைப் பார்த்தார்கள். அதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. இந்த மூன்றில் எது என்று கோவர்த்தனன் விளக்கியிருக்கலாம், வாயைத் திறக்கவில்லை. ஊர் மூன்றையும் எடுத்துக்கொண்டது. அவளுக்குப் பேசி வைத்திருந்த வடமாலபேட்டை மாப்பிள்ளை வீட்டார், துணை வாய்க்காத பெண் என்று வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை முடிந்து போகும்போது கூலிக்காரர்களின் கூழுக்கு ஒரு கரண்டி மோர் ஊற்றுவது வழக்கம். உறை இல்லாத வீட்டுக்கு உறை போனால் நம் வீட்டு உறையும் கெட்டுவிடும் என்று கங்கையா வீட்டுக்கு மட்டும் அன்றைக்கு ஒருத்தரும் ஊற்றவில்லை. அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஆறு வருஷம் போயிற்று. மூன்று மாசத்துக்கு ஒருமுறை கோவர்த்தனன் திருப்பதியிலிருந்து ஊசியோடு வந்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஜெயம்மாவிடம் பொய் சொல்லி எடுப்பான், பிறகு சென்னம்மாவிடம் எடுப்பான், போகிற வழியில் சீட்டை மாற்றுவான். அவள் கையை நீட்டி, "எடுத்துக்குங்க சாமி" என்பாள். கரும்பு வெட்டும்போது காலில் விழுந்த வெட்டு அவளுக்கு இரண்டே நாளில் ஆறியது டாக்டருக்கு விளங்கவே இல்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதி வைத்தார். ஜெயம்மாவுக்கு நான்கு கர்ப்பம் மாசம் நிறையாமலே கலைந்தது. ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்கக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகள் வீடு வீடாக என்ன பாஷை என்று கேட்டுவிட்டு, வெயிலுக்கு மோர் கேட்டார்கள், சர்க்கரைத் தண்ணீர் கிடைத்தது. 1960 ஏப்ரலில் பக்கத்து ஊர் மெட்ராசுக்குப் போயிற்று, எலந்தைக்கண்டிகை ஆந்திராவில் நின்றது. பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போன பால் ஒழுங்காக உறைந்தது. அந்தத் தயிரைத் திருப்பிக் கொண்டுவந்தால் எல்லைக்கல் தாண்டியதும் பானைக்குள் தளும்பியது.

அந்த வைகாசியில் ஜெயம்மாவுக்கு ஐந்தாவது கர்ப்பம், ஐந்தாவது மாசம். ரத்தம் படத் தொடங்கியது. இந்தத் தடவை தாயும் தங்கமாட்டாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பொருந்துகிற இன்னொருவர் ரத்தம் ஏற்றினால் அந்த என்சைமும் கூடப் போய் ஒரு மாசம் தாங்குகிறது என்று டாக்டர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். சென்னம்மாவைக் கூட்டி வா, அவளுக்கு ஏற்றலாம் என்றார். கோவர்த்தனன் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. ஆறு வருஷ நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மறுநாள் ஊரில் ஆதிநாராயணன் முதற்கொண்டு எல்லாருடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். ஜெயம்மாவுக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான், சென்னம்மாவுடையது. அவள் கையால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு அது. ஜெயம்மாவை வண்டியில் படுக்க வைத்துக்கொண்டு கங்கையா குடிசைக்கு எதிரே போய் நின்றார்கள். டாக்டர், சென்னம்மா பேர்ச் சீட்டு ஒட்டிய குழாயைக் காட்டி, ஊரார் முன்னால் உண்மையைத் தமிழும் தெலுங்குமாகத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார். கோவர்த்தனன் காலில் விழப் போனான். சென்னம்மா நகர்ந்துகொண்டாள்.

"கால்ல வுழுந்து எனக்கு இன்னா ஆவப்போது? அந்தச் சீட்டுல கீற என் பேர அடிச்சுட்டு உன் தங்கச்சி பேர எழுது. ஊரு பாத்துக்கினு இருக்கணும்."

அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் எழுதினான். எழுத்து கோணியது. சத்தமாகப் படி என்றாள், படித்தான். ஆதிநாராயணன் பெண்டாட்டியின் பேரைக் கேட்டுக்கொண்டு மண்ணைப் பார்த்து நின்றான். சீட்டு உலரும்வரை பார்த்துவிட்டு சென்னம்மா யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறி ஜெயம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். "ஓட்டு, நேரமாவுது" என்றாள்.

மாசம் ஒருமுறை திருப்பதிக்குப் போய்க் கொடுத்து வந்தாள். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது, ஏழாம் நாள் தொப்புள் காய்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஊர் முழுக்க நம்பிக்கையோடு பாலுக்கு உறை ஊற்றி வைத்தார்கள். உறையவில்லை. இன்றைக்கும் உறைவதில்லை. பால் லாரி காலையில் வந்து எடுத்துப் போகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. விருந்தாளி மோர் கேட்டால், எங்க ஊரில் பால் உறையாது என்று சொல்லி காப்பி கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.