புளியங்கண்டத்துக் கலரின் ருசி

எடுத்தது நீதான். மூடியிருந்த பாட்டிலுக்குள் இருந்து ருசியை மட்டும் குடித்துவிட்டு, கலர் சோடாவை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். சிவப்பு இருக்கிறது, கேஸ் இருக்கிறது, குடித்தால் ஏப்பம்கூட வருகிறது. ருசிதான் இல்லை. கலர் கம்பெனி தங்கபுஷ்பம் செவ்வாய்க்கிழமை ஒரு வாய் குடித்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ருசி. கீழப்பாறை இஞ்சி சோடா, எழுந்து பல் விளக்கியபிறகு இன்றைக்கு லீவு என்று ஞாபகம் வருவதுபோல இருக்கும். கடற்கரைப் பக்கத்துப் பன்னீர் சோடாவில் அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரோரம் நின்று கேட்கிற ருசி. புளியங்கண்டத்துக் கலருக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த ருசி. அதைக் குடிக்கவே வெளியூர்க்காரர்கள் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார்கள்.

வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பத்தின் மகள் செல்வக்கனிக்கு நிச்சயம். மாப்பிள்ளை கீழப்பாறை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊர்க் கலரைக் குடித்து, ருசியை வாய்விட்டுச் சொன்னால்தான் தட்டு மாறும். சொல்ல ருசி இல்லையென்றால் பெண்ணுக்கு ஊர் இல்லை என்று அர்த்தம். ஊரே இல்லாத பெண்ணை எங்கிருந்து அழைத்துப் போவது? நியாயமான கேள்விதான்.

தங்கபுஷ்பம் தெருத்தெருவாக சோடா விற்று, கத்திக் கத்தியே கம்பெனி வைத்தவள். உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. புதன்கிழமைச் சந்தைக்குப் போனாள். மாட்டுத் தரகர் சுடலையாண்டி, மாடு விற்காத நேரத்தில் ருசி விற்பார். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலைப் பேச்சு.

“அண்ணாச்சி, ஜன்னலோரம் இருக்கா?”

“அது நம்மகிட்ட வராதுக்கா. தையக்காரரு சொன்ன தேதியில ஜாக்கெட்டக் குடுத்துட்டாருன்னு வைங்க. அந்த ருசி ஒண்ணு கெடக்கு.”

“அப்படியெல்லாம் நடந்திருக்கா?”

“ஒரே ஒரு தடவ. அதான் வெல கூட.”

விலை, அவளுடைய கோபம். தரகர் முழுசாகக் கேட்டு அவள் கையையே அமுக்கினார்.

“முழுசும் குடுத்துட்டு நான் எதை வச்சு யாவாரம் பண்ண? வெளங்குமாவே?” என்று அவர் சுண்டுவிரலை மடக்கினாள். துண்டுக்குள் வெகுநேரம் இழுபறி. கடைசியில் காலைக் கோபம் அவருக்கு, சாயங்காலக் கோபம் அவளுக்கு என்று முடிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டதும் தரகர் பக்கத்தில் நின்ற காளையைத் திட்ட ஆரம்பித்தார்.

பேரம் படிந்த சந்தோஷத்தில் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். நிச்சயம் நடப்பது காலையில்.

மாப்பிள்ளையின் அத்தை பொன்னுத்தாய்தான் முதல் பாட்டிலை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“என்ன மதினி, உங்க ஊரு ஜன்னலோரம்னாங்க. ஜாக்கெட்டுல்ல வருது? வேற ஊரக் காட்டிப் பொண்ணத் தள்ளிவிடப் பாக்கியளோ?”

இதற்குச் சொல்லவேண்டிய பதில்கள் தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வெளியே தள்ளக் கோபம் இல்லை. அவள் சிரித்தாள். அவள் பல்லை அதுவரை பார்த்திராத சொந்தக்காரர்கள் பயந்து எழுந்து நின்றார்கள்.

“இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்க மதினி.”

அத்தை குடித்தாள். மெல்லக் கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள்.

“கக்கத்துல இறுக்கிப் பிடிக்கல,” என்றாள். “கொக்கியெல்லாம் வரிசையாத்தான் இருக்கு. சரி, தட்ட எடுங்க.”

தட்டு மாறியது.

அன்று சாயங்காலம் யாரும் அளவு கொடுக்காத உடுப்புகள் ஊருக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் சொன்ன தேதிக்கு வந்தவை. ஆளாளுக்குக் கச்சிதமாக இருந்தன, எருமைகளுக்கும்தான். ஒரே ஒரு சட்டை மிஞ்சியது. மூன்று கை வைத்தது. ஊரில் யாருக்கும் அது சேரவில்லை.

அதைத் தங்கபுஷ்பம் இஸ்திரி போட்டு கம்பெனி வாசலில் மாட்டியிருக்கிறாள். ஆவணியில் செல்வக்கனி புருஷன் வீட்டுக்கு பஸ்ஸில் போகவேண்டும். நின்றுகொண்டா போவாள்? மரியாதையாக வந்து ருசியை வைத்துவிட்டு, உன் சட்டையை எடுத்துக்கொண்டு போ.