செண்பகவடிவின் குரல் யாரிடம் இருக்கிறது

எங்கள் நாட்டில் கட்சிக்காரர்கள் தங்கள் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவதில்லை. குரலைக் கொடுத்துவிடுகிறார்கள். கிளை அலுவலகத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள். உறுப்பினர் அதற்குள் தன் பெயரையும் கதவு எண்ணையும் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மூடியைப் போட்டு, யாருக்கு என்று எழுதி ஒட்டி, ரசீது தருவார்கள். போட்டியிடுகிறவர் மறுநாள் காலை வெறும் வயிற்றில் வெந்நீரோடு அதை எடுத்துக்கொள்வார். அன்றிலிருந்து அந்தக் குரலில் அவரால் பேச முடியும். கொடுத்தவரால் முடியாது. முப்பது நாள் முடிவில் யாரிடம் அதிகக் குரல்கள் இருக்கின்றனவோ அவரே வேட்பாளர். தோற்றவர் அன்றே எல்லாக் குரல்களையும் திருப்பித் தந்துவிடுவார். வென்றவர் மட்டும் பொதுத்தேர்தல் முடியும்வரை, அதாவது இன்னும் ஐந்து மாதம், வைத்துக்கொள்வார்.

நான் கட்சிக்காரன் இல்லை. ‘மாலைக்குறிப்பு’ நாளிதழில் வெள்ளிக்கிழமைதோறும் அரசியல் கட்டுரை எழுதுகிறவன். கட்டுரை எழுதுகிறவர்கள் குரல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பத்திரிகையின் விதி. என் மனைவி செண்பகவடிவு ஏணிக் கட்சி உறுப்பினர். ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேருந்துகள் புறப்படும் நேரத்தை அறிவிப்பது அவள் வேலை. முதல் திங்கட்கிழமையே போய்க் குரலைக் கொடுத்துவிட்டு முப்பது நாள் விடுப்பு எழுதிப் போட்டாள். முப்பத்தொன்றாம் நாள் வராவிட்டால் இயந்திரத்தைப் பேச வைத்துவிடுவோம் என்று நிலையக் கண்காணிப்பாளர் சொல்லியிருந்தார்.

இந்த முறை ஏணிக் கட்சியில் போட்டி இருவருக்கிடையே. ஒருவர் பொன்னுலிங்கம், முன்னாள் நீர்ப்பாசன அமைச்சர். அணையைப் பற்றிக் கேட்டால் அணையைப் பற்றி மட்டும் பதில் சொல்வார். நான் அவரை ஆதரித்து எழுதிவந்தேன். மற்றவர் அமிர்தகடேசன். மூன்று கட்சிகளில் இருந்துவிட்டு வந்தவர். எதைக் கேட்டாலும் “நல்ல கேள்வி” என்று ஆரம்பிப்பார். கேள்வியைப் பாராட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதையும் எழுதினேன்.

பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு, பள்ளி மைதானத்தில் அமிர்தகடேசனின் கூட்டம். கட்டுரைக்காகப் போயிருந்தேன். கனத்த ஆண்குரல் ஒன்றில் வணக்கம் சொன்னார். விலைவாசிக்கு ஒரு மளிகைக் கடைக்காரரின் குரல். மருத்துவமனைகளுக்கு மூச்சு வாங்கும் ஒரு பெண்ணின் குரல். பிறகு சாலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“நம் நாடு இனி எங்கும் நிற்காமல் முன்னோக்கிச் செல்லும்” என்றார்.

அது செண்பகவடிவின் குரல். கூட்டத்தில் பாதிப்பேர் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, “எந்த பிளாட்பாரம்னு சொன்னாங்க?” என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்றேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாருக்குக் குரல் கொடுத்த?” என்று கேட்டேன்.

கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில்தான் அவள் எழுதிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு தாளை எடுத்து, “பொன்னுலிங்கத்துக்கு” என்று எழுதினாள். எழுந்து போய் ரசீதையும் கொண்டுவந்து காட்டினாள். ரசீதில் பொன்னுலிங்கம் என்றுதான் இருந்தது. நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ‘லி’ மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் எழுதிக் கொடுக்கும் தாள்களைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். “உப்பு போதுமா” என்ற தாளில் இருந்த எழுத்துகளை ரசீதோடு ஒப்பிட்டேன். “கேஸ்காரர் வந்தார்” என்ற தாளையும் ஒப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதுவதைக் குறைத்துக்கொண்டாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அமிர்தகடேசனின் எல்லாக் கூட்டங்களுக்கும் போனேன். போக்குவரத்து என்று வந்தால் தவறாமல் என் மனைவியின் குரலை எடுத்தார். ஒருநாள் ரயில்வே ஊழியர்களைப் பார்த்து, “காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் உங்கள் ஞாபகம்தான் வரும்” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலில் அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஊழியர்கள் கைதட்டினார்கள். நான் குறிப்பேட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் கோமதிநாயகம் சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருப்பவர். கேட்டதும் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். செண்பகவடிவு, கதவு எண் பதினாலு, பொன்னுலிங்கத்துக்கு.

“அப்ப அமிர்தகடேசன் வாயில எப்படி வருது?”

“குடுத்தது பொன்னுலிங்கம் ஐயாவுக்குத்தான் சார். அவர்கிட்டேருந்து எங்க போச்சுன்னு எழுத இந்த நோட்டுல கட்டம் கிடையாது.”

“போக முடியுமா?”

“போகக் கூடாதுன்னு விதியில்ல.”

அவர் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். ஆனால் அவர் யார் கண்ணையும் பார்ப்பதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை பொன்னுலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் குரலில் உட்காரச் சொன்னார். காபி வந்தது. என் கட்டுரைகளைத் தவறாமல் படிப்பதாக ஒரு பூக்காரம்மாவின் குரலில் சொன்னார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். அவர் கொஞ்ச நேரம் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கழிச்சு போட்டியிலேருந்து விலகப் போறேன் சார். துணைத் தலைவர் பதவி தர்றேன்னுட்டாரு. என்கிட்ட இருக்கிற குரல் எல்லாம் அவருக்குத்தான். நல்லதா ஒரு நாப்பது குரலை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கிட்டாரு” என்றார்.

அது எனக்கு முடிவெட்டும் வேலாண்டியின் குரல். அந்தக் குரல் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தாரோ என்று சந்தேகம் தீராமல் இன்னும் கூடியது.

“உங்கள நம்பித்தானே நான் ஏழு கட்டுரை எழுதினேன்?”

“ஏழும் நல்லா இருந்துச்சு” என்றார், அதே குரலில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொன்னுலிங்கம் தோற்றிருந்தால் முப்பதாம் நாள் குரல் வீட்டுக்கு வந்திருக்கும். இப்போது அது வெல்லப்போகிறவரிடம் இருக்கிறது. ஐந்து மாதம் வராது. அதற்குள் பேருந்து நிலையத்தில் இயந்திரம் பேசிக்கொண்டிருக்கும்.

மறுபடி கோமதிநாயகத்திடம் போனேன். குரலை நடுவில் திரும்பக் கேட்க வழி இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். விதிப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். குரலைத் திரும்பக் கேட்கிறவர் அந்தக் கோரிக்கையை, தன் பெயர், கதவு எண்ணோடு, செயலாளர் முன்னிலையில், தன் சொந்தக் குரலில், வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். மூன்று நாளில் திருப்பித் தரப்படும்.

“குரல் இல்லாதவங்க எப்படி வாயால கேப்பாங்க?”

“இதுவரைக்கும் யாரும் கேக்கல சார்” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். அவள் குரல் இருப்பது ஒரே ஒருவரிடம். ஆகவே கோரிக்கையை அவர்தான் வைக்க வேண்டும். இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

செண்பகவடிவிடம் சொன்னேன். அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். “என்னைக் கேட்டீங்களா?”

“வேலை போயிடும் வடிவு.”

“அதைக் கேக்கல” என்று கீழே எழுதினாள்.

அவளுக்குக் குரல் வேண்டாமோ, அங்கேயே இருக்கட்டும் என்று நினைக்கிறாளோ என்று எனக்குள் ஓடியது. அவள் அதைப் படித்துவிட்டவள்போலப் பேனாவை மூடினாள். சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்து, அதே தாளின் ஓரத்தில் “கேளுங்க” என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

இருபத்தாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு, ஒரு ஓட்டலின் முதல் மாடியில் அமிர்தகடேசன் செய்தியாளர்களைச் சந்தித்தார். பொன்னுலிங்கம் விலகியிருந்ததால் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். கோமதிநாயகத்தைப் பதிவேட்டோடு வரச் சொல்லியிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து பேனாவை உதறிக்கொண்டிருந்தார். செண்பகவடிவும் வந்திருந்தாள். தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். நீலப் புடவை. கூட்டங்களுக்கு வராதவள் அன்று ஏன் வந்தாள் என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. எழுந்தேன்.

“பேருந்து நிலையங்களில் ஒரு பேச்சு இருக்கிறது. ‘என் குரலைத் திருப்பித் தாருங்கள்’ என்று ஒருவர் கேட்கிறாராம். பெயர் செண்பகவடிவு. கதவு எண் பதினாலு. உங்களுக்குத் தெரியுமா?”

“நல்ல கேள்வி” என்றார் கனத்த குரலில். பிறகு லேசாகச் செருமினார். பேருந்து என்ற சொல் அவருக்குள் இறங்குவது தெரிந்தது. கழுத்து கொஞ்சம் மெலிந்ததுபோல இருந்தது.

“‘என் குரலைத் திருப்பித் தாருங்கள்’ என்றா?” என்று அவள் குரலில் கேட்டார். “செண்பகவடிவா? கதவு எண் பதினாலா? அப்படி ஒருவர் இல்லவே இல்லை.”

தூணருகே அவள் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதிநாயகம் மணி பார்த்து எழுதினார். பதினொன்று இருபது. கோரிக்கை, பெயர், கதவு எண், மூன்றும் சரி. கடைசி வாக்கியத்தைக் குறிப்பு என்ற இடத்தில் சேர்த்துக்கொண்டார். அமிர்தகடேசன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் மதியம் டப்பா வந்தது. கோமதிநாயகமே கொண்டுவந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். செண்பகவடிவு வெந்நீர் வைத்தாள். மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டு முறை இருமினாள். நான் எதிரே இருந்த நாற்காலியில் காத்திருந்தேன்.

“மூணு வாரமா நான் எழுதிக் குடுத்த எதையும் நீங்க நம்பல” என்றாள்.

சளி பிடித்த மாதிரி இருந்தாலும் அவள் குரல்தான்.

“இப்ப வாயால சொல்றேன். பொன்னுலிங்கத்துக்குத்தான் குடுத்தேன். ஏன் குடுத்தேன் தெரியுமா? எனக்கு ரெண்டு பேர் மேலயும் அபிப்பிராயமே இல்ல. உங்க கட்டுரையப் படிச்சிட்டுப் போய்க் குடுத்தேன். இந்த வீட்டுல ஒரு மனுசன் வாரா வாரம் ராத்தூக்கம் இல்லாம எழுதுறாரே, அதுக்கு ஒரு மரியாத வேண்டாமான்னு குடுத்தேன்.”

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். நாலு வாரம் அடுத்தவர்கள் தொண்டையில் இருந்துவிட்டு வந்த குரல், அங்கே என்னவெல்லாம் பழகியதோ என்றும் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்புறேன்” என்றேன்.

“நம்பல” என்றாள் அவள். “பரவால்ல. தாளையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?”

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நூற்றுப் பதினோரு தாள்கள். ஒவ்வொன்றாகப் படித்தாள். “உப்பு போதுமா” வந்தபோது நிறுத்தினாள். “இதுக்கு நீங்க பதிலே சொல்லல” என்றாள். போதும் என்றேன். தாள்களை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று ஆராயவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஏணிக் கட்சி தன் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அமிர்தகடேசனை அறிவித்தது. மூன்றரைக்கு எதிர்த்தரப்பான நங்கூரக் கட்சியும் தன் வேட்பாளரை அறிவித்தது. அமிர்தகடேசன். இருவரும் ஒரே மேடையில் கைகுலுக்கிக்கொண்ட படம் மாலைப் பதிப்பின் முதல் பக்கத்தில் வந்தது. அதே பெயர், அதே முகம்; ஒருவர் மட்டும் மற்றவரைவிட அரை அங்குலம் உயரம்.

வெள்ளிக்கிழமை இருவரையும் ஒப்பிட்டு எழுதினேன். ஏணிக் கட்சி அமிர்தகடேசனை நம்ப முடியாது, மூன்று கட்சி மாறியவர், அவர் வந்தால் நாடு தாங்காது என்று ஆதாரங்களோடு சொன்னேன். நங்கூரக் கட்சி அமிர்தகடேசன் அந்த அளவுக்கு மோசமில்லை. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடித்தேன்.